கட்டணப் பாடமும் கைப்பிரதியும்

உலகத்து உடைமைகளை இருவகையாகப் பிரித்துக் காணலாம். கொடுத்தாற் குறைவன ஒருவகை. கொடுத்தாலுங் குறையாதன மற்றொரு வகை. நெல்லும் பொன்னும் நிலமும் முதல் வகையைச் சேர்ந்தவை. கல்வி இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒருவன் தன் நெல்லில் ஒரு மூடையைப் பிறனுக்குக் கொடுத்தால் அவன் வீட்டிலே ஒரு மூடை குறைந்துவிடும். ஆசிரியர் ஒருவர் தாம் அறிந்த கணக்கொன்றை நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் அவருடைய அறிவில் அணுவளவுங் குறைவதில்லை. ஆயினும் சொல்லிக்கொடுப்பதற்கு அவர் செலவிட்ட நாள்கள் திரும்பி வருவதில்லை. அறிவு குறையாத பொருள். அதனைப் புகட்டுபவரின் வாழ்நாளோ குறைகின்ற பொருள். இவ்விரண்டும் ஒன்றாய்க் கலந்து நிற்கும் இடத்திலேதான் இன்றைய மாணவர் பலரை எதிர்நோக்கும் ஓர் ஒழுக்கப் பிரச்சினை தோன்றுகின்றது.

இணையத்தின் வழியாகக் கட்டணம் பெற்றுக் காணொளிப் பாடங்களை வழங்கும் முறை இன்று உலகெங்கும் பரந்துவிட்டது. இப்பாடங்கள் பெரும்பாலும் பார்த்துக் கற்பதற்கேற்ப அமைக்கப்பட்டவை; பிரதியெடுத்து வைத்துக்கொள்வதற்கு அவற்றில் இடம் வைக்கப்படுவதில்லை. கட்டணஞ் செலுத்திய மாணவன் ஒருவன் அத்தடையைக் கடந்து, பாடத்தைத் தன் கணினியில் தரவிறக்கி வைத்துக்கொள்கிறான் என்க. “விற்கவில்லை, ஒருவருக்குங் கொடுக்கவில்லை, என் சொந்தப் பாவனைக்கே வைத்திருக்கிறேன், இதிலே தவறென்ன?” என்று அவன் கேட்கிறான். “என் உழைப்பின் பயனை என் சம்மதமின்றி எடுத்து வைத்திருப்பது எவ்வாறு சரியாகும்?” என்று ஆசிரியர் கேட்கிறார். இருவர் கேள்வியிலும் நியாயம் உண்டு. ஆதலால் இச்செயலை ஒரே சொல்லிற் களவென்று தள்ளிவிடுதலும் தகாது. உரிமையென்று கொண்டாடுதலும் தகாது. பகுத்து ஆராய்தலே தகும்.

இலங்கையிலே இப்பிரச்சினை கூர்மை அடைந்ததற்குக் காரணங்கள் உள. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடசாலை ஆசிரியரும் தனியார் கல்வி நிலையத்தாரும் இணையவழிக் கற்பித்தலை நாடினர். மலைச்சரிவுக் கிராமங்களிலே தொலைபேசி அலை கிடைக்கும் மேட்டைத் தேடி மாணவர் நடக்க நேர்ந்தது. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது, நாளொன்றில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாள்களும் இருந்தன. கொள்ளைநோய் நீங்கிப் பாடசாலைகள் திறந்த பின்னரும் இணைய வகுப்புகள் நீங்கவில்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவர் பலர், தொலைவிலுள்ள ஆசிரியரொருவருக்கு மாதக் கட்டணஞ் செலுத்தி, அவர் பாடத்தை வீட்டிலிருந்தே கேட்கின்றனர். ஒரு மணி நேரக் காணொளியொன்றை நடுத்தரத் தெளிவிற் பார்ப்பதற்கு ஏறத்தாழ அரை ஜிகாபைட் முதல் ஒரு ஜிகாபைட் வரையான தரவு செலவாகும். விளங்காத பகுதியை மும்முறை பார்க்கும் மாணவன் மும்முறை தரவுக்குப் பணங் கொடுக்கிறான். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் அந்தச் செலவு மிஞ்சும். இணைப்பு அறுந்த வேளையிலும் படிக்கலாம். மாணவன் பிரதியை விரும்புவதற்கு இவை போதிய காரணங்களே.

ஆசிரியர் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். இரண்டு மணி நேரப் பாடமொன்றை ஒளிப்பதிவு செய்வதற்கு முன்னர், குறிப்புகளை ஒழுங்குபடுத்தி, கடந்தகால வினாக்களைத் தேர்ந்து, வரைபடங்களை ஆக்கி அவர் செலவிடும் பொழுது அப்பாடத்தின் நீளத்தைவிடப் பன்மடங்கு பெரியது. இத்தொழிலில் ஈடுபட்டோரில் அரசாங்க வேலை கிட்டாத பட்டதாரிகளும் உளர். அவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை. நேற்று ஆக்கிய பாடத்தை இன்று புதிதாய்ச் சேரும் மாணவன் பணங்கொடுத்துக் கேட்பதே அவர்களது வருவாய். அப்பாடத்தின் பிரதியொன்று கைமாறத் தொடங்கினால் அடுத்த ஆண்டு வகுப்பு நிரம்பாது.

இனி, தரவிறக்கம் என்பது யாதென அறிதல் பயனுடையது. காணொளியை இணையத்திற் பார்க்கும்போது அது சேய்மையிலுள்ள திரையிலிருந்து ஒளியாய் வந்து விழுவதாகப் பலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. பாடமானது சில விநாடி நீளமுள்ள சிறு துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பவரின் கருவிக்கே அனுப்பப்படுகின்றது. கருவி அத்துண்டுகளைத் தன் நினைவகத்திற் சிறிது நேரம் வைத்து, வரிசைப்படுத்திக் காட்டிவிட்டுப் பின்னர் அழித்துவிடுகின்றது. எனவே பார்த்தலிலும் ஒரு பிரதி உண்டு. அது நிலையாத பிரதி. தரவிறக்கத்திலே அதே துண்டுகள் அழியாமற் சேர்த்து வைக்கப்படுகின்றன. சில நிறுவனங்கள் இத்துண்டுகளை மறைகுறியாக்கி அனுப்பி, அவற்றைத் திறக்கும் சாவியை ஒவ்வொரு முறையும் தம்மிடமிருந்தே பெறும்படி செய்துள்ளன. கட்டணக் காலம் முடிந்ததும் சாவி மறுக்கப்படும். ஆகவே இங்கே விலைபேசப்படுவது பாடத்தின் வருகை மாத்திரமன்று. அது எத்துணைக் காலம் தங்கலாம் என்பதுவும் விலைக்குள் அடங்கியதே.

பிரதியெடுத்தல் தமிழருக்குப் புதியதன்று. அச்சு வருமுன்னர் நூல்கள் யாவும் ஏட்டிலே வாழ்ந்தன. செல்லும் பூச்சியும் ஏட்டை அரித்துவிடுமாதலின், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைத்தவனே நூலைக் காத்தவனாயினான். பெயர்த்தெழுதுதல் அக்காலத்திற் குற்றமாகக் கருதப்படவில்லை, தொண்டாகவே கருதப்பட்டது. எனினும் அவ்வுலகத்திலும் பாடங் கேட்டற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. நன்னூலின் பொதுப்பாயிரம், நூல் உரைத்தற்கு உரியார் இவரென வகுத்துரைக்கின்றது. ஆசிரியனின் மகன், தன் ஆசானுடைய மகன், அரசன் மகன் என்போரோடு பொருளை மிகுதியாகக் கொடுப்பவனும், வழிபாடு செய்பவனும், சொன்னதை விரைந்து பற்றிக்கொள்ளும் அறிவுடையவனும் அங்கே எண்ணப்படுகின்றனர். பொருள் கொடுப்பவனுக்கு இடமுண்டு. பொருளில்லாத அறிவாளிக்கும் இடமுண்டு. ஆயின் இவர்கள் எல்லோரும் ஆசிரியன் அறிய, அவன் இசைவோடு பாடங் கேட்டவர்கள். பொருள் வேண்டாமென்று ஆசிரியன் விடுதல் ஒன்று. அவன் அறியாமல் விடுவித்துக்கொள்ளுதல் வேறொன்று.

ஏட்டுக் காலத்திற் பிரதிக்கு இயற்கையே எல்லை வகுத்திருந்தது. ஒரு நூலைப் பெயர்த்தெழுத நாள்கள் பல செல்லும். எழுதியவனே கற்றவனும் ஆவான். அச்சு வந்தபோது அந்த எல்லை தகர்ந்தது. ஒருவர் எழுதிய நூலை மற்றொருவர் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்கலாயிற்று. அந்நிலையிலே இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், ஆக்கியோனுக்கும் அவனிடம் உரிமை பெற்றோனுக்கும் புதிய நூல்மீது 14 ஆண்டு உரிமையை அளித்தது. ஆக்கியோன் அதன் பின்னும் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டு நீட்டியது. அச்சட்டம் தன்னைக் கல்வியை ஊக்குவித்தற்கான சட்டமென்றே பெயரிட்டுக்கொண்டது கருதத்தக்கது. ஆக்கியோனுக்கு உரிமை கொடுப்பதன் நோக்கம் கல்வி பெருகுதலே. உரிமைக்கு முடிவு வைத்ததன் நோக்கமும் அதுவே. பதிப்புரிமையின் வரலாறு முழுவதும் இவ்விரு நோக்கங்களையும் ஒரே தராசில் நிறுத்தும் முயற்சியே எனலாம்.

இவ்விடத்திலே ஒரு வேறுபாட்டைத் தெளிதல் அவசியம். பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை. கருத்தை வெளியிட்ட உருவத்தையே காக்கின்றது. நியூற்றனின் இயக்க விதி எவருக்கும் உடைமையன்று. அவ்விதியை ஓராசிரியர் தம் சொற்களாலும் படங்களாலும் உதாரணங்களாலும் விளக்கிய காணொளி அவருடைய ஆக்கம். ஆகவே பாடத்தைக் கேட்டு, விளங்கிக்கொண்டு, தன் சொற்களிற் குறிப்பெழுதி வைப்பதற்கு எந்த மாணவனும் எவரிடத்தும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அக்குறிப்பு ஆயுட்காலம் முழுவதும் அவனுக்கே உரியது. அதனைத் தம்பிக்குங் கொடுக்கலாம், தோழனுக்குங் கொடுக்கலாம். கல்வி எல்லோர்க்கும் உரியதாதலாற் பாடமும் எல்லோர்க்கும் உரியதென்று வாதிப்போர் இவ்வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

சொந்தப் பாவனைக்குப் பிரதியெடுக்கலாமா என்ற வினா நீதிமன்றம் ஏறிய வரலாறும் உண்டு. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை வீட்டிலே பதிவுசெய்யும் கருவியை ஜப்பானியக் கம்பனியாகிய சோனி விற்கத் தொடங்கியபோது, அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களான யுனிவர்சலும் வால்ற் டிஸ்னியும் 1976ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தன. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு, ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து தீர்ப்பளித்தது. ஒளிபரப்பாகும் நேரத்திற் பார்க்க இயலாதவர் பின்னர் ஒருமுறை பார்ப்பதற்காக வீட்டிலே பதிவுசெய்தல் நியாயமான பாவனையே என்பது பெரும்பான்மையோர் முடிபு. அவ்வழக்கில் முதன்மையாக ஆராயப்பட்டது காலத்தை மாற்றிக்கொள்ளும் செயல். அந்நிகழ்ச்சிகளும் கட்டணமின்றி யாவருங் காணுமாறு ஒளிபரப்பப்பட்டவை. கட்டணப் பாடத்துக்கு இத்தீர்ப்பை அப்படியே பொருத்திவிட இயலாது. ஆயினும் அது காட்டிய வழி பயனுடையது. பெற்ற உரிமையை வேறொரு வேளையிற் பயன்படுத்துவதும், பெறாத உரிமையைச் சேர்த்துக்கொள்வதும் வேறுவேறு செயல்கள் என்பதை அதனால் உணரலாம்.

இலங்கையில் இன்று நிலவுவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அது பதிப்புரிமையை ஆக்கியோனின் வாழ்நாளுக்கும் அவர் இறந்தபின் 70 ஆண்டுக்கும் அளிக்கின்றது. அதேவேளை கற்பித்தல், புலமை, ஆராய்ச்சி, திறனாய்வு முதலியவற்றின் பொருட்டான நியாயமான பாவனையையும் அனுமதிக்கின்றது. சொந்தப் பாவனைக்கான பிரதியைப் பற்றி அச்சட்டம் வகுத்த நிபந்தனைகள் சட்டத்துக்கு மட்டுமன்றி ஒழுக்கத்துக்கும் நல்ல அளவுகோலாகும். வெளியிடப்பட்ட ஆக்கமொன்றிலிருந்து எடுக்கப்படும் பிரதி ஒன்றேயாதல் வேண்டும். எடுப்பவர் தனிமனிதராதல் வேண்டும். முறைப்படி பெற்ற பிரதியிலிருந்தே அது எடுக்கப்படல் வேண்டும். எடுப்பவரின் சொந்தத் தேவைக்கு மாத்திரமே அது பயன்படல் வேண்டும். இவை யாவும் பொருந்திய போதிலும், அந்த ஆக்கத்தின் வழமையான வருவாய்க்கு முரணாயும் உரிமையாளரின் நியாயமான நலனுக்குக் கேடாயும் அமையுமாயின் அனுமதி இல்லாது போகும்.

இந்நிபந்தனைகளுள் முறைப்படி பெற்ற பிரதி என்பது தனியாக நோக்கத்தக்கது. சொந்தப் பாவனை என்னும் சொல்லைக் கட்டணமே செலுத்தாதவனுந் துணைக்கழைப்பதுண்டு. எவரோ டெலிகிராம் குழுவொன்றில் இட்ட பாடத்தை இறக்கியவன், “நானும் என் படிப்புக்கே வைத்திருக்கிறேன்” என்பான். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமும் 2014ஆம் ஆண்டு, சொந்தப் பிரதிக்கான விதிவிலக்கு முறைகேடாய்க் கிடைத்த மூலத்திலிருந்து எடுத்த பிரதிக்குப் பொருந்தாதென்று கூறியது. காரணம் தெளிவானது. ஒரு பொருளை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது, அது எவ்வழியாக வந்தது என்னும் வினாவுக்கு விடையாகாது. பிறர் தோட்டத்து மாங்காயைச் சந்தையில் விற்காமல் வீட்டிலே தின்றேன் என்றால் பறித்த செயல் நேராகிவிடுமா?

கட்டணஞ் செலுத்தியவன் நிலையோ வேறு. அவன் மூலம் முறையானது; அவன் தேவை உண்மையானது. அவனுக்கெதிரே நிற்பது பெரும்பாலும் ஒரு வாக்குறுதி. சேரும்போது நிபந்தனைகளை ஏற்கிறேன் என்ற கட்டத்தில் அவன் அடையாளமிட்டிருக்கிறான். அவற்றைப் பலர் வாசிப்பதில்லை என்பது மெய். பல பக்கம் நீளும் அந்நிபந்தனைகள் வாசிக்கப்படுதற்காகவே எழுதப்பட்டன என்று சொல்லவும் இயலாது. ஆனால் பிரதியெடுத்தல் ஆகாதென்று ஆசிரியர் வகுப்பின் தொடக்கத்தில் வாயாற் சொல்லியிருந்தால், அதனை அறியாதவன் போல் இருத்தல் நேர்மையன்று. சட்டம் ஒருவேளை அவனை விட்டுவிடலாம். கொடுத்த வாக்கு விட்டுவிடாது.

“பணங் கொடுத்து வாங்கினேன், ஆதலால் அது என்னுடையது” என்ற வாதமும் அடிக்கடி கேட்கப்படுகின்றது. புகையிரதத்திற் பருவச்சீட்டு வாங்கியவன் அம்மாதம் முழுவதும் பயணஞ் செய்யலாம்; பெட்டியில் ஓர் ஆசனத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோக இயலாது. காணொளிப் பாடங்களில் மிகப் பல இத்தகைய பருவச்சீட்டுகளே. ஆயினும் இக்குழப்பத்துக்கு மாணவனை மாத்திரம் குறைகூறுதல் முறையாகாது. “வாங்குக”, “என்றும் உமக்கே” என்ற சொற்களால் அழைப்பவர்கள் விற்பவர்களே. அவ்வாறு வாங்கியவை மறைந்த நிகழ்ச்சிகளும் உள. மைக்ரோசொவ்ற் நிறுவனம் தன் மின்னூல் விற்பனையை 2019ஆம் ஆண்டு நிறுத்தியபோது, வாங்கியோர் கருவிகளிலிருந்த நூல்கள் திறக்கப்படாமற் போயின. கொடுத்த பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது, நூல்கள் திரும்பவில்லை. இத்தகைய குறைகளை நோக்கியே அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2024ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியது. உரிமம் மட்டுமே கொடுக்கப்படும் மின்பொருள்களை, அவ்வுண்மையைத் தெளிவாகக் கூறாது “வாங்குக” என்ற சொல்லால் விற்றலாகாதென அது விதிக்கின்றது. நிலையாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளக் கொடுக்கப்படும் பொருள்களுக்கு அவ்விதி பொருந்தாது. வைத்துக்கொள்ளத்தக்க பிரதியே வாங்குதல் என்னும் சொல்லுக்குப் பொருள் தருவதென்பதை அச்சட்டம் ஏற்றுக்கொண்டதாயிற்று.

இதுகாறும் கூறியவற்றைக்கொண்டு மாணவர் வாழ்விற் காணும் நிலைகளைத் தனித்தனி ஆராயலாம். ஆசிரியரோ நிறுவனமோ தரவிறக்க வசதியைத் தாமே கொடுத்திருந்தால் அங்கே வினாவே இல்லை. கோர்செரா, யூடெமி முதலிய நிறுவனங்களின் கைத்தொலைபேசிச் செயலிகளில் அத்தகைய வசதி உண்டு. பாடம் செயலிக்குள்ளேயே தங்கி, இணையமில்லாத வேளையிலும் ஓடும். வசதி இல்லை, தடையுங் கூறப்படவில்லை என்னும் நிலையில், கட்டணஞ் செலுத்தியவன் தன் படிப்புக்கென ஒரு பிரதி வைத்தல் குற்றமாகாது. “வாழ்நாள் முழுவதும் பார்க்கலாம்” என்று கூறி முழுவிலையும் பெற்றுக்கொண்டவரின் பாடத்தை ஒருவன் காப்புக்காக எடுத்துவைத்தால், அவன் பெறுவது தனக்குச் சொல்லப்பட்டதையே. மேலதிகமாக எதனையும் அன்று.

ஒரு மாதக் கட்டணஞ் செலுத்தியவனின் நிலை சற்றுச் சிக்கலானது. மின்சாரமும் இணைப்பும் தடைப்படுவதால், அம்மாதத்துக்குள் வேறொரு வேளையிற் படிப்பதற்காக அவன் பிரதியெடுத்தால், பெற்ற உரிமையின் நேரத்தை மாற்றுகிறான். தடை கூறப்பட்டிருப்பின் வாக்குத் தவறிய குறை அவனைச் சாரும். ஆயினும் ஆசிரியருக்கு அதனால் வருவாய் இழப்பு இல்லை. மாதம் முடிந்தபின் அதனை அழித்துவிடுவானாயின் குறை சிறிதே. அழிக்காமல் ஆண்டு முழுவதும் வைத்திருப்பானாயின் ஒரு மாத விலைக்குப் பன்னிரு மாதப் பாடத்தைப் பெற்றவனாகிறான். நூற்றுக்கணக்கான பாடங்கள் உள்ள களஞ்சியமொன்றில் ஒரு மாதம் சேர்ந்து, இரவு பகலாக யாவற்றையும் இறக்கிக்கொண்டு விலகுபவன் செய்வது இதிலும் பெரிய பிழை. அவன் கற்பதற்காகச் சேரவில்லை, அள்ளுவதற்காகவே சேர்ந்தான்.

வீட்டுக்குள் எழும் வினா இன்னும் நுண்ணியது. அக்காள் படித்த புத்தகத்தைத் தம்பி படிப்பது நம் நாட்டு வழமை. அதனை எவருங் குறைகூறார். புத்தகம் ஒன்று, அது கைமாறினால் முன்னவரிடத்தில் இல்லை. காணொளிப் பிரதியோ கொடுத்தவரிடமும் இருக்கும், பெற்றவரிடமும் இருக்கும். அக்காளோடு ஒரே திரையின் முன் அமர்ந்து தம்பியுங் கேட்டால், அது விளக்கொன்றின் ஒளியில் இருவர் படிப்பதை ஒக்கும். அடுத்த ஆண்டு அதே வகுப்பிற் சேரவேண்டிய தம்பிக்கு அக்காள் பழைய பிரதிகளை மாற்றிக்கொடுத்தால், ஆசிரியர் ஒரு மாணவனை இழக்கிறார். இங்கே சொந்தப் பாவனை என்னும் வேலி கடக்கப்பட்டுவிட்டது. அன்பினாற் கடந்தாலும் கடந்ததே.

வறுமையை முன்னிட்டுச் சொல்லப்படும் நியாயம் எல்லாவற்றிலும் வலியது. இலங்கையில் 1945ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வி நிலவுகின்றது. அந்நாட்டிலே காசில்லாதவனுக்குப் பாடமில்லை என்பது வருந்தத்தக்கதே. ஆயின் இலவசக் கல்வியின் இயல்பை நினைந்து பார்த்தல் வேண்டும். மாணவனிடம் கட்டணம் வாங்கப்படவில்லை. ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டே வந்தது. சமுதாயம் முழுவதும் அச்சுமையை ஏற்றுக்கொண்டது. ஒரு தனியாசிரியரின் பாடத்தை அவர் அறியாமற் பரப்புவோர் அச்சுமை முழுவதையும் அவர் ஒருவர் தோளிலேயே ஏற்றுகின்றனர். வறிய மாணவனுக்கு வேறு வழிகள் இல்லாமலும் இல்லை. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளம் பாடசாலைப் பாடங்களைக் கட்டணமின்றித் தருகின்றது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகம் தன் பாடங்களைத் திறந்துவைக்கும் திட்டத்தை 2001ஆம் ஆண்டு அறிவித்தது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிற் சேர்த்துத் தரும் நூலகம் என்னும் திட்டம் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகின்றது. இவையெல்லாம் ஆக்கியோரோ உரிமையாளரோ விரும்பித் திறந்த கதவுகள். இவற்றிற் கிடையாத பாடமாயின், ஆசிரியரிடமே நிலைமையை எடுத்துரைத்துக் கேட்டல் நன்று. கேட்டவனுக்குக் கட்டணத்தைக் குறைத்தும், சிலவேளை முற்றாக விடுத்தும் உதவும் ஆசிரியர்கள் பலர். கேளாமல் எடுப்பவன் அந்த உதவியைச் செய்யும் வாய்ப்பையும் அவரிடமிருந்து பறித்துவிடுகிறான்.

கற்பிப்போர்க்கும் நிறுவனத்தார்க்கும் கடமைகள் உண்டு. பாடம் எத்துணை நாள் கிடைக்கும், பிரதியெடுக்கலாமா, வகுப்பு இடையில் நின்றுவிட்டால் யாது செய்யப்படும் என்பவற்றைக் கட்டணம் வாங்குமுன் இரண்டு மூன்று தெளிவான வாக்கியங்களில், மாணவனுக்கு விளங்கும் மொழியிற் கூறுதல் வேண்டும். மின்வெட்டும் அலைக்குறைவும் உள்ள நாட்டில், இணையமின்றிப் பார்க்கும் வசதியைக் கொடுத்தல் சலுகையன்று. விற்ற பொருளை உரியவன் கையிற் சேர்ப்பிக்கும் கடமையின் பகுதியாகும். பாடத்தை மூன்று நாளில் மறைத்துவிட்டு முழுமாதக் கட்டணம் வாங்குபவர், மாணவன் பிரதியெடுத்தான் என்று முறையிடுமுன் தம் பேரத்தின் நேர்மையையும் எண்ணிப் பார்த்தல் தகும். பிரதித் தடைகளை மீறுதற்கென ஆக்கப்படும் கருவிகளை விற்பனைக்காகச் செய்தலையும் இறக்குமதி செய்தலையும் சட்டம் விலக்கியிருக்கின்றது. எனினும் பூட்டை எத்துணைப் பெருக்கினாலும், நியாயமற்ற பேரத்துக்குப் பூட்டு நெடுநாள் துணைசெய்யாது.

முடிவாக நோக்குமிடத்து, சொந்தப் பாவனை என்பது மந்திரச் சொல்லன்று; பொருளுள்ள ஒரு சொல். பெற்றவர் கையைவிட்டுப் போகாமையும், பெற்ற உரிமையின் எல்லையை மீறாமையும் அதன் பொருள். இதனைத் தனக்குத் தானே சோதித்துக்கொள்ள எளிய வழியொன்று உண்டு. “இப்பிரதியை நான் வைத்திருப்பதை ஆசிரியரிடம் நேரிற் சொல்ல என்னால் இயலுமா?” என்று மாணவன் தன்னையே கேட்கலாம். “ஐயா, இரவில் மின்சாரம் இல்லை, உங்கள் பாடத்தை இறக்கி வைத்துக் காலையிற் படித்தேன், பரீட்சை முடிந்ததும் அழித்துவிடுவேன்” என்று சொல்லக் கூசாதவன் பெரும்பாலும் நேர்வழியிலேயே நிற்கிறான். சொல்லக் கூசுபவனுக்குச் சட்டப்புத்தகம் வேண்டியதில்லை. விடை அவனுக்கு முன்னரே தெரிந்துவிட்டது. பாடத்தை இறக்கி வைத்தல் கற்றலாகிவிடாது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம். கருவியில் நூறு பாடங்கள் நிறைந்திருக்க, அவற்றுள் ஒன்றையேனும் ஊன்றிக் கேளாதவன் ஆசிரியருக்கு இழைத்த குறையினும் தனக்கு இழைத்த குறையே பெரிது. ஒரு பாடத்தைக் கேட்டு, விளங்கி, தன் கையால் எழுதிய குறிப்போ எந்தக் கட்டணக் காலத்தோடும் முடிவதில்லை. எந்தச் சாவியாலும் மூடப்படுவதுமில்லை.